மேலங்கியில் ஒரு சீட்டுக் கொத்து

கண்ணோட்டம் என்னும் இரக்கக் குணம் சனிக்கிழமைகளில் வைகறையிலேயே எழுந்துவிடும். புலம்பெயர்ந்த நம்மவர் நிறைந்த மல்வேர்னில் வரிசை வீடொன்றின் வாசலில் நின்று, வாகனக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும். தன் வாகனத்தை முடித்தபின் பக்கத்து வீட்டானுடைய கண்ணாடியையும் பாதிவரை சுரண்டிவிடும். முழுவதும் சுரண்டினால் அவன் நன்றி சொல்ல நேரிடும் என்பதால் பாதியோடு நிறுத்தும். பிறகு மாம்பழ நிற மேலங்கியின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்து, "சரி, மலைக்குப் போட்டு வாறன்" என்று வீட்டுக்குள் குரல் கொடுக்கும். அக்குணத்திற்குப் பெற்றோர் இட்ட பெயர் அருள்நாயகம்.

மலை என்று அவர் சொல்வது, நகருக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்னும் ஊரையும் தாண்டி வயல்களுக்கு நடுவே எழுந்துள்ள ஒரு மேடு. அடிவாரத்தில் வாகனத்தை நிறுத்துபவர் உச்சியில் நிற்பவரின் தொப்பி நிறத்தைச் சொல்லிவிடலாம். ஆயினும் அதற்கும் ஆட்களை இருத்தித் தூக்கிச் செல்லும் கம்பிக் கதிரைகள் உண்டு. அவற்றை லிஃப்ற் என்பர். அதில் அமர்ந்ததும் அருள்நாயகம் சிலுவை அடையாளம் இட்டு, உச்சி வருமுன் செபமாலையில் ஒரு பத்து மணியை முடிப்பார். பக்கத்தில் இருப்பவர் அந்த முணுமுணுப்பைக் குளிர் நடுக்கம் என்று கொள்வார். இறங்கும்போது செபம் இல்லை. "ஏறேக்கைதான் மாதாவின்ரை உதவி வேணும். இறக்கிறது நிலத்தின்ரை வேலை" என்பது அவர் கொள்கை.

வெயில் காயும் ஊர்காவற்றுறையில் பிறந்த ஒருவர் ஐம்பது கடந்தபின் பனிச்சறுக்குக்கு வந்த காரணம் விளையாட்டு ஆர்வம் அன்று. தேவாலயப் பங்கு இளைஞரை ஏற்றிச் செல்லும் சாரதியாக ஒருநாள் அங்கே போனார். "நிண்டால் விறைக்குது. சறுக்கிறவங்களுக்கு விறைக்கேல்லை. அப்ப சறுக்கத்தானே வேணும்?" என்றார். அன்று தொடங்கியவர் இன்றுவரை நிறுத்தவில்லை.

அந்தச் சரிவில் மாந்தர் உடுப்பது தனியே ஆராயத்தக்க பொருள். மேலங்கி, காற்சட்டை, கையுறை, தலைக்கவசம் என்று அடிமுதல் முடிவரை ஒரே வண்ணத்தில் அணிந்தோர் பெரும்பாலும் அடிவாரத்திலேயே நின்று படம் எடுத்துக்கொள்வர். முழங்காலில் கிழிந்த இடத்தை வெள்ளிநிற ஒட்டுநாடாவால் மூடிய முதியவர் ஒருவர் உச்சியிலிருந்து ஓசையின்றி இறங்கி, அவர்கள் படத்துக்குள் ஒரு கணம் புகுந்து மறைவார். இளைஞர் அணியும் காற்சட்டையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும். நம்மவரோ முதன்முறை ஜீன்ஸும் சால்வையுமாக வருவர். ஜீன்ஸ் முதலில் நனையும், பின்னர் விறைக்கும், அதன்பின் அதை அணிந்தவர் இருக்கவும் இயலாது, நடக்கவும் இயலாது, சாய்த்துவைத்த பலகைபோலச் சுவரோரம் காணப்படுவார். அத்தகையோரைக் கண்டால் அருள்நாயகம் தம் வாகனத்திலிருந்து பனிக்காற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, "உதைக் கழட்டிப்போட்டு இதைப் போடுங்கோ. எனக்கு இது இறுக்கம்" என்பார். அது அவர் இடுப்பை இரண்டு சுற்று வரும்.

அவருடைய உடை அடுக்கடுக்கானது. பழைய நூல்களில் உத்தரியம் என்பது மேலாடை. கத்தோலிக்கராகிய அருள்நாயகத்துக்கோ அது எல்லாவற்றுக்கும் அடியில், மார்போடு ஒட்டிக் கிடக்கும் கார்மேல் மாதாவின் சிறு துணித்துண்டு. அதன்மேல் பெனியன், அதன்மேல் மனைவி கிளடிஸ் பின்னிய கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே மாம்பழ நிற மேலங்கி. ஊரெல்லாம் அதை ஜக்கெற் என்கிறது. நானும் இனி அவ்வாறே எழுதுகிறேன். சறுக்குப் பாதணியோடு அவர் நடப்பது சங்கிலியிட்ட களிறு நடப்பதை ஒக்கும். பலகைகளை மாட்டியபின் அந்தக் கனம் எங்கோ போய்விடும். கோல்கள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கி, கைகளை முன்னே குவித்து, நற்கருணை வாங்கப் போகிறவர்போல நிமிர்ந்தபடியே இறங்குவார்.

அந்த ஜக்கெற்றின் ஸிப்பில் ஒரு சீட்டுக் கொத்து தொங்கும். அந்தக் குன்றில் இன்னும் பழைய முறைதான். நாட்கட்டணம் செலுத்தியவருக்கு மெல்லிய கம்பி வளையம் ஒன்றும் ஒட்டுச்சீட்டு ஒன்றும் தருவார்கள். கம்பியை ஸிப்பில் மாட்டிச் சீட்டை அதன்மேல் மடித்து ஒட்டவேண்டும். லிஃப்ற்றடியில் நிற்பவன் சீட்டைப் பார்த்தே ஏறவிடுவான். மாலையில் அதைக் கழற்றாமல் விடுவது அங்குள்ள பழம் சறுக்குநரின் வழக்கம். ஒருவர் எத்தனை பனிக்காலம் கண்டவர் என்பதை நெஞ்சில் தொங்கும் கொத்தின் பருமனே சொல்லும். அருள்நாயகமும் கழற்றுவதில்லை. அதே ஜக்கெற்றோடு கடைக்குப் போவார், பூசைக்குப் போவார், செத்தவீட்டுக்கும் போவார்.

மல்வேர்னில் அக்கொத்துக்கு வேறு பொருள் உண்டு. ஜக்கெற்றை வாங்கி, விலைச்சீட்டை வெட்டாமல் கைக்குள்ளோ கழுத்துக்குள்ளோ செருகி, ஒரு பனிக்காலம் அணிந்துவிட்டுக் கடைக்கே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. ஆதலால் தமிழ்க்கடையில் மரக்கறி எடுக்குமிடத்தில் அறிந்தவர் குரலைத் தாழ்த்துவர்.

"அண்ணை, உது வெளியிலை தொங்குது."

"தொங்கட்டும்."

"எப்ப ரிட்டேர்ன்?"

"இது ரிட்டேர்ன் இல்லைத் தம்பி. மலை."

"ஓமோம், மலை," என்று சொல்லிவிட்டு அவர் தக்காளியைப் பார்ப்பார்.

அருள்நாயகத்தின் தொழில், பெருங்கடை ஒன்றில் திருப்பிக் கொடுக்கும் பொருள்களை ஏற்கும் மேசையில் நிற்பது. பங்குனி பிறந்ததும் ஜக்கெற்றுகள் வரத் தொடங்கும். கடையின் விதி எளியது: விலைச்சீட்டு இருந்தால் பொருள் புதிது, இடையில் நடந்ததைக் கடை கேட்பதில்லை. விளிம்பில், பனி உருக வீதியில் தூவும் உப்பு வெள்ளை வரி கட்டியிருக்கும். பைக்குள் கோப்பிக்கடைத் தாள் கசங்கிக் கிடக்கும். கொண்டுவந்தவர் ஆயத்தம் செய்த பொய்யோடு வாய் திறக்குமுன் அருள்நாயகம் முந்திக்கொள்வார்.

"அளவு சரிவரேல்லைப் போலை."

"ஓம், அளவு," என்பார் வந்தவர். காரியம் முடிந்துவிடும்.

ஏன் முந்துகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அந்தாள் தனியச் சொன்னா முழுப்பாவமும் அந்தாளுக்கு. நான் எடுத்துக் குடுத்தா ஆளுக்கு அரைவாசி" என்றார்.

சென்ற தை மாதம் அந்தச் சீட்டுக் கொத்து ஒரு கல்யாணத்தைத் தடுக்கப் பார்த்தது. அவர் மகள் மெலனியும், ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கியிருக்கும் அன்ரனெற் என்னும் அம்மையாரின் மகன் நிசாந்தனும் ஒருவரை ஒருவர் விரும்பினர். அன்ரனெற்றுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஆனால் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நத்தார்ப் பூசையில், நற்கருணை வரிசையில், பெண்ணின் தகப்பன் நெஞ்சில் கொத்தோடு நின்றதைக் கண்டுவிட்டார். அன்று அவர் மகனிடம் சொன்னதை அவன் மெலனிக்குச் சொல்ல, அவள் சிரிப்பும் கண்ணீருமாக எனக்குச் சொன்னாள்: "திருப்பிக் குடுக்கிறதெண்டாலும் ஒரு ஒளிப்பு மறைப்பு வேண்டாமே? கர்த்தருக்கு முன்னாலை விலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிக்கிறார் மனுசன். அந்த வீட்டிலை சம்பந்தம் எண்டால் சனம் என்னைப் பாத்துத்தான் சிரிக்கும்."

விளக்கிச் சொன்னால் நம்பமாட்டார், கண்ணால் கண்டால் நம்புவார் என்று இளையவர்கள் முடிவு செய்தனர். "அன்ரி ஒருக்கா மலைக்கு வரட்டும் அங்கிள். அங்கை எல்லாருக்கும் தொங்கும். ஷீ வில் கெற் இற்" என்று என்னிடம் சொன்னாள் மெலனி. பாதி சுரண்டிய கண்ணாடிக்கு உரியவன் என்ற முறையில் நானும் அழைக்கப்பட்டேன். நான் சறுக்குவதில்லை, எல்லோருடைய காலணிகளுக்கும் காவல் இருப்பேன்.

கணவருக்கு வேலை நாள் ஆதலால் அன்ரனெற் மகனோடு மட்டும் வந்தார். பால்வெள்ளை ஜக்கெற், கழுத்தைச் சுற்றி மென்மயிர், புத்தம் புதிது. அருள்நாயகம் அப்போதுதான் அன்றைய சீட்டை வாங்கிக் கொத்தின் மேலே ஒட்டியிருந்தார். அன்ரனெற் மற்றவர் நெஞ்சுகளைப் பார்க்குமுன் அவர் நெஞ்சைப் பார்த்தார்.

"கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை."

நில் என்றால் நிற்பது அருள்நாயகத்தின் இயல்பு. கைப்பையிலிருந்து சிறு கத்தரிக்கோல் வெளிவந்தது. கொத்து முழுவதும் அதற்கு அகப்படவில்லை. மேலே இருந்த அன்றைய சீட்டு இரண்டாகிப் பனியில் விழுந்தது.

"இனித் திருப்பிக் குடுக்க ஏலாது. உங்களோடைதான் இருக்கும்," என்றார் அன்ரனெற்.

"ஓம் தங்கச்சி. நல்லது," என்றார் அருள்நாயகம். குனிந்து துண்டுகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு லிஃப்ற்றுக்குப் போனார். அங்கே நின்றவன் நெஞ்சைப் பார்த்துத் தலையசைத்து மறித்தான். அவர் வாதாடாமல் திரும்பி வந்தார்.

வாகனத்திலிருந்து பலகைகளை இறக்கிக்கொண்டிருந்த மெலனி ஓடிவந்தாள். "அப்பா, வட் ஹாப்பின்ட்?"

"ரிக்கெற் ரெண்டாப் போச்சு, மோள்."

"ஆர் வெட்டினது?"

அருள்நாயகம் மலையைப் பார்த்தார். அன்ரனெற் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொரு நெஞ்சிலும் சீட்டு. ஒட்டுநாடாக் காற்சட்டை முதியவரின் ஸிப்பில் பூட்டுத் திறப்புக் கோர்வைபோல ஒரு பெருங்கொத்து.

"இவை எல்லாரும் ரிட்டேர்னோ?"

"அம்மா, அது லிஃப்ற் ரிக்கெற்," என்றான் நிசாந்தன், நிலத்தை நோக்கி.

சீட்டு விற்கும் யன்னலுக்கு எல்லோரும் போனோம். இரு துண்டுகளையும் வாங்கிய பெண், யார் வெட்டியது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் ஒரே சொல்லில் அடங்கும் உறவு அது. இன்னும் ஆகாத உறவு. ஆங்கிலத்தில் அதற்குச் சொல்லே கிடையாது. அருள்நாயகம், "மை டோட்டர்ஸ் மதர் இன் லோ" என்றார்.

"ஓ, ஃபமிலி!" என்று சிரித்து அவள் புதுச்சீட்டைச் சும்மாவே கொடுத்தாள்.

"நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லையே," என்றார் பின்னால் நின்ற அன்ரனெற்.

"இல்லைத் தங்கச்சி. அது ரிக்கெற்றுக்குச் சொன்னது."

"ரிக்கெற்றுக்கோ?"

"வேறை என்னெண்டு சொல்லுறது? றோட்டாலை போன ஆள் வெட்டினதெண்டால் பொலிஸைக் கூப்பிடுவினம்."

அன்ரனெற்றின் உதட்டுவரை வந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பலர் முன்னிலையில் தவறியவருக்கு, அத்தவற்றைக் கண்டவர் வீட்டில் சம்பந்தம் செய்வது எளிதன்று. மெலனியும் அதைக் கண்டுகொண்டாள். அதன்பின் அவள் யாரோடும் ஆங்கிலம் பேசவில்லை.

பகல் உணவுக்கு எல்லோரும் அடிவார மண்டபத்தில் கூடினோம். இளையவர் இருவரும் தேநீர் வரிசையில் நின்றனர். மேசையில் பூட்டீன் இருந்தது. பொரித்த கிழங்கின்மேல் சீஸ் இட்டுப் பழுப்புக் குழம்பு ஊற்றிய இவ்விடத்து உணவு. அருள்நாயகமும் அன்ரனெற்றும் எதிரெதிரே. காலணிகளோடு நான் ஓரத்தில்.

அன்ரனெற் கண்ணை உயர்த்தாமல், "வீட்டை போய் யோசிச்சுச் சொல்லுறம் அண்ணை" என்றார்.

சம்பந்தம் பேசுமிடத்தில் அது 'இல்லை' என்பதன் மங்கல வழக்கு. அருள்நாயகம் தேநீர் வரிசையில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஓம், யோசியுங்கோ. கிழங்கு ஆறுது, எடுங்கோ" என்றார்.

அன்ரனெற் கையை நீட்டினார். பால்வெள்ளை ஜக்கெற்றின் கைக்குள்ளிருந்து, மெல்லிய பிளாஸ்ரிக் நூலில் கோத்த ஒரு விலைச்சீட்டு வழுகி வெளியே வந்து, குழம்புக்கு மேலே ஆடிக்கொண்டு நின்றது.

கை அப்படியே நின்றது. நான் காலணிகளைப் பார்த்தேன். அருள்நாயகம் பூட்டீன் தட்டை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அளவு சரிவரேல்லைப் போலை," என்றார்.

பின்பு மிகச் சிறிய குரலில், "ஓம்… அளவு" என்றார் அன்ரனெற்.

இளையவர்கள் தேநீரோடு வந்தனர். அன்ரனெற் மற்றக் கையால் சீனிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கிழித்தார். "சம்மந்தி, நீங்கள் சீனி போடுறனியளோ?" என்று கேட்டார். மெலனியின் கையிலிருந்த கிண்ணம் தளும்பி மேசை நனைந்தது.

"கொஞ்சமாப் போடுங்கோ," என்ற அருள்நாயகம், ஈரம் பரவுமுன் கைதுடைக்கும் தாள் ஒன்றை விரித்து, அந்த வெள்ளைக் கையின்மேல், சீட்டும் சேர்ந்து மறையும்படி போர்த்தினார்.

அவர் மனைவாசலோடு என்றும் குளிர் நிற்க. கிளடிஸ் பின்னும் நூல் அறாதிருக்க. மெலனியும் நிசாந்தனும் விரும்பிக் கொண்டதை ஆயுள் முழுதும் அணிந்து மகிழ்க.