பெரியவர் காலடியில் கூட்டம்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் 'கூட்டத்தக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். படங்களில் ராட்சத மிருகம் ஊருக்குள் நுழையும்போது காலடியில் சிதறி ஓடுகிற ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கி ஓடவிடுவது அவள் வேலை. மிருகத்துக்கு அங்கே மரியாதை அதிகம். அதன் பெயர் 'பெரியவர்'. பெரியவரின் தோலுக்கு ஓர் அறை நிறைய ஆட்கள், வாலுக்குத் தனி ஆட்கள், அவர் கக்குகிற நெருப்புக்கு ஏசி போட்ட இன்னோர் அறை. சாகப்போகிற ஊர் ஜனம் மொத்தத்துக்கும் இவள் ஒருத்தி, கழிப்பறைக்குப் பக்கத்து மேசையில்.

ஓடுவதற்கு ஆள் வேண்டும் என்று ஒருமுறை அலுவலகத்தார் தங்கள் வீட்டு மனிதர்களையே அழைத்து வந்தார்கள். சுற்றிலும் கேமராக்கள் வைத்த கூண்டில் நிறுத்தி முகம், உடம்பு எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். ஓடச் சொல்லிப் படம் பிடித்தார்கள். கணக்குப் பிரிவுக்காரரின் மாமியார், வாட்ச்மேனின் மகள், யார் யாரோ வந்தார்கள். இவள் தம்பியும் வந்தான். "அக்கா, என்னை மிதிக்கிறப்ப மட்டும் மூஞ்சி தெளிவா தெரியணும், ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனான். போன வருடம் பைக்கில் வெளியே கிளம்பியவன் பிணமாகத்தான் வீடு வந்தான்.

அதற்குப் பிறகு அம்மா அதிகம் பேசுவதில்லை. பேசினால் ஒரே கேள்விதான்: "தம்பி நடிச்ச படம் எப்ப வருது?" அது நடிப்பெல்லாம் இல்லை என்று சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை. அம்மா அவனைத் திரையில் பார்க்கத்தான் போகிறாள் என்றால், உயிரோடு பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் கவலை.

அதனால் ஒரு காரியம் செய்தாள். பெரியவர் கடைத்தெருவில் கால் வைக்கிற காட்சியில், ஓடுகிற கூட்டத்தில் தம்பியை மட்டும் நிறுத்தினாள். அவன் திரும்பி வந்து, விழுந்து கிடக்கிற ஒரு பெண்ணைத் தூக்கிவிட்டு, அவளோடு பக்கத்துச் சந்துக்குள் புகுந்துவிடுவான். பெரியவரின் கால் அந்தச் சந்துக்கு வராது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற சங்கதி. அதற்காகச் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்தாள்.

டைரக்டர் வந்து பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெரியவர் மேல் பக்தி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

"யாரும்மா இவன்? கண்ணு இவன் பின்னாலயே போகுதே?"

"சும்மா ஒருத்தன் சார். ஒரு சின்னக் கதை மாதிரி இருக்கட்டுமேன்னு..."

"கதையா? இவன் அப்புறம் என்ன ஆனான்னு ஜனங்க யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க. கால் விழறப்ப யாரு விசில் அடிப்பா? எடுத்துடுங்க."

என் தம்பி சார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடடா என்று உச்சுக்கொட்டுவார், அப்புறமும் எடுக்கத்தான் சொல்வார். அவள் எடுத்துவிட்டாள். அதோடு விடவுமில்லை. வேறெங்கேயாவது கூட்டத்தில் சிக்கி மிதிபட்டுவிடுவானோ என்ற பயத்தில், படம் முழுக்கத் தேடித் தேடி அவன் உருவத்தை நீக்கினாள். வீட்டுக்கு வந்து, "தம்பி வர்ற இடத்த வெட்டிட்டாங்கம்மா" என்றாள்.

"பரவால்ல. அவன் கலந்துகிட்ட படம்தானே, போய்ப் பாப்போம்" என்றாள் அம்மா.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. பெரியவர் கடலிலிருந்து எழுந்தபோது நாற்காலிகளே அதிர்ந்தன. கதாநாயகனுக்கும் அவன் மனைவிக்கும் ஏதோ சண்டை. எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை, யாரும் கேட்டுக்கொள்ளவுமில்லை. கடைத்தெரு வந்தது. அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"அங்க பாரு, தம்பி ஓடுறான்."

"அவன் இல்லம்மா."

"அந்த நீலச் சட்டை. குடை வச்சிருக்காளே, அவ. அதோ அந்தக் கெழவர். எல்லாரும் அவன மாதிரியே ஓடுறாங்கடி!"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவருடைய ஓட்டத்தை எடுத்து ஊரார் உடம்புக்கெல்லாம் மாட்டிவிடுவது அவர்கள் தொழில் வழக்கம். உடம்பு தனியாக இருக்கும், ஓட்டம் தனியாக இருக்கும். தம்பியின் உடம்பை மட்டும்தான் அவள் நீக்கியிருந்தாள். சட்டைப் பையில் இருப்பது விழுந்துவிடாமல் ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, பள்ளிக்கூட நாளிலிருந்து தம்பி ஓடுகிற அதே ஓட்டம். தெரு முழுக்க அவன்தான் ஓடிக்கொண்டிருந்தான். கால் இறங்கியது. தியேட்டரே எழுந்து நின்று விசில் அடித்தது.

அம்மா அழவில்லை. மகள் பக்கம் சாய்ந்தாள்.

"நீதானேடி இதெல்லாம் செஞ்ச? இத்தன பேருல ஒருத்தனையாவது காப்பாத்தியிருக்கக் கூடாதா?"

"காப்பாத்தினேம்மா," என்றாள். "வேண்டாம்னுட்டாங்க."

விசில் சத்தத்தில் அம்மாவுக்கு அது கேட்கவில்லை. "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்ல, படத்தப் பாரும்மா" என்றாள் மகள்.