கரண்டு கேட்டேன், வெள்ளம் வந்தது

கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை, காலை 7.10. ராயபுரத்தில் மின்சார ரயில் ஏறினேன். எண்ணூருக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். பயத்துக்குத் தனி டிக்கெட் கேட்டிருந்தால் என் சம்பளம் பத்தியிருக்காது.

கடலலையிலிருந்தும் நீரோட்டத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் இயந்திரங்களுக்கு உலகம் முழுக்க ஒரே அளவுமுறை, ஒரே சொல் வேண்டுமென்று பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து விதி எழுதுகின்றன. நம் நாட்டுக் குழுவின் மூலையில் எனக்கும் ஒரு நாற்காலி. இரண்டு வருடத்தில் நான் அனுப்பிய கருத்துகள் மூன்று. மூன்றும் காற்புள்ளி பற்றியவை. ‘இன்று பகல் பன்னிரண்டுக்குள், கடலில் சோதித்துப் பார்த்த ஒரு கருத்தாவது வராவிட்டால் உங்கள் இடம் வேறொருவருக்கு’ என்று குழுத் தலைவி எழுதிவிட்டார். வீட்டு வாசல் பெயர்ப்பலகையில் அந்தப் பதவியை வேறு எழுதி மாட்டியிருக்கிறேன். எந்த முகத்தோடு அதைக் கழற்றுவது?

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். விம்கோ நகர் தாண்டியதும் மணலி ரசாயன ஆலைகளின் காற்று பெட்டிக்குள் ஏறியது. எதிரில் மீன் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

7.50, எண்ணூர். முகத்துவாரத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். அங்கே தேசப்பன் காத்திருந்தார். என் வயதுக்காரர், ஃபைபர் படகின் சொந்தக்காரர், முன்பே போனில் பேசிவைத்த ஆள். 8.30க்குப் படகு கடலுக்குள் போனது. நான் படகின் குறுக்குப் பலகையை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மடியில் வரைவு விதியோடு வந்த படிவம். அதில் மூன்று கட்டம்: நீரோட்டம், வேகம், திசை.

“இங்க கரண்ட் எப்படிண்ணா?” என்று ஆரம்பித்தேன்.

“இப்போ பரவால்ல சார். மழை பேஞ்சாதான் புடுங்கிக்கும்.”

‘மழை பெய்தால் நீரோட்டம் நின்றுவிடும்’ என்று பக்தியோடு எழுதிக்கொண்டேன். உலகில் வேறு யாரும் கண்டுபிடிக்காத உண்மை.

“இப்டி நடுவுல வந்து குந்து சார். வடக்கேர்ந்து வெள்ளம் வந்துகினு கீது. இன்னும் ஒரு அவர்ல ஜோராயிடும்.”

வானத்தில் ஒரு மேகம் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எங்களுடையது தரைத்தளத்து வீடு. வடக்கே ஏதோ ஏரி உடைந்துவிட்டதென்று முடிவுகட்டி மனைவி சாந்திக்குப் போன் போட்டேன்.

“சாந்தி, வெள்ளம்! ஒரு மணி நேரந்தான்! பிரிட்ஜை மொட்டை மாடிக்கு ஏத்து!”

“இன்னாங்க உளர்றீங்க? இங்க வெயில் கொளுத்துது. மொளகா காயப்போட்டுகினு கீறேன்.”

“மொளகாவ விடு! பிரிட்ஜு!”

அத்தோடு சிக்னல் போனது.

தேசப்பன் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “இன்னா சார் நீ! கடல்ல தண்ணி ஓடறதுக்குப் பேருதான் வெள்ளம். அது பாட்டுக்கு ஓடும். வூட்டுக்குள்ள பூந்தா அதுக்குப் பேரு பேஜாரு.”

“அப்போ நான் கேட்ட கரண்டு?”

“லைட்டு எரியுமே, அதைக் கேக்கறேன்னு நெனச்சேன்.”

ஒரே படகு, ஒரே தமிழ். உலகத்துக்கே ஒரே சொல் தேடப் புறப்பட்டவன், மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம் தோற்றுப்போனேன். கண்டுபிடிப்பை அடித்துவிட்டு, திசைக் கட்டத்தில் ‘வடக்கு’ என்று எழுதினேன்.

தேசப்பன் எட்டிப் பார்த்தார். “வடக்குன்னு மொட்டையா எழுதறியே. நான் வர்ற பக்கத்தைச் சொன்னேன். உங்க ஆபீஸ் ஆளு போற பக்கம்னு படிச்சா? மிஷினைத் திருப்பி வெச்சுட்டு, கரண்டு வரலன்னு எங்களைத்தான் பேசுவீங்க.”

வரைவைப் புரட்டினேன். காற்றுக்கும் நீருக்கும் வெறும் ‘திசை’தான். எங்கிருந்து என்றும் இல்லை, எங்கே என்றும் இல்லை. எத்தனையோ நாட்டு நிபுணர்கள் படித்த பக்கம். நானும்தான் படித்தேன், காற்புள்ளி தேடி.

கரை திரும்பிச் சிக்னல் கிடைத்தபோது மணி 11.40. ‘திசைக் கட்டத்தை எங்கிருந்து, எங்கே என இரண்டாகப் பிரிக்கவும். மீனவர் சொல்லும் சொல்லோடு அதன் பொருளையும் கேட்டு எழுதவும்.’ 11.51க்கு அனுப்பினேன். 11.56க்குத் தலைவியின் பதில்: ‘இது கருத்து. நாற்காலி உங்களுக்கே.’

தேசப்பன் தோளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். பிறகுதான் பார்த்தேன்: சாந்தியிடமிருந்து தவறிய அழைப்புகள் பதினான்கு.

மதியம் 2.20, ராயபுரம். எண்ணூர்க் கடலில் ஓடிய வெள்ளம் எங்கள் தெருவைத்தான் காலி செய்திருந்தது; நான் போனில் கத்தியதைச் சாந்தி அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தாள். டி.வி., மெத்தை, தையல் மிஷின் எல்லாம் மாடிகளில். எதிர்வீட்டு காதர் பாய் தன் மாடியிலிருந்து கத்தினார்: “இன்னா நைனா, வெள்ளம் உன்கூட ட்ரெய்ன்ல வர்ல?”

சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி தப்பியதையும் மறக்காமல் சொன்னேன். அவள் மிச்சமிருந்த வெற்றுப் படிவம் ஒன்றை வாங்கினாள். முதல் கட்டத்தில் ‘நீரோட்டம்’ என்பதை அடித்துவிட்டு ‘பிரிட்ஜ்’ என்று எழுதினாள். திசைக் கட்டத்தின் நடுவே கோடு போட்டாள். எங்கிருந்து: மொட்டை மாடி. எங்கே: சமையல்கட்டு.

வேகம்: இப்பவே.