வாழைத்தண்டுச் சாறு

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு எங்கள் வீட்டில் நல்ல சாப்பாடெல்லாம் கெட்ட சாப்பாடு ஆகிவிட்டது. கீரை கூடாது, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. அவற்றில் உள்ள பொட்டாசியத்தை இவர் உடம்பால் வெளியே தள்ள முடியாது, ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று பாளையங்கோட்டை மருத்துவர் சொல்லியிருந்தார். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். சுரைக்காயும் பீர்க்கங்காயும் வெறும் சக்கையாகத் தட்டுக்கு வரும். இவர் அதையும் பிசைந்து சாப்பிட்டுவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இதில் பார்க்க வருகிறவர்கள் வேறு. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஒருவர் கையில் இளநீர் இருக்கும், இன்னொருவர் கையில் ஒரு சீப்பு கோழிக்கூடு வாழைப்பழம். சிரித்தபடி வாங்கி வைத்து, அவர்கள் தெருமுனை தாண்டியதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் சதை போட்டுவிட்டது.

மதினியிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. இவருடைய அக்கா. மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் இவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அம்பாசமுத்திரத்திலிருந்து வாரம் தவறாமல் பஸ் ஏறி வருவார், தோட்டத்தில் வெட்டிய வாழைத்தண்டோடு. சிறுநீரகத்தில் கல் என்றால் எங்கள் ஊரில் வாழைத்தண்டுச் சாறுதான் முதல் மருந்து. மதினிக்குக் கல்லும் ஒன்றுதான், பழுதும் ஒன்றுதான். ஒரு நாள் நான் காய் வெந்த தண்ணீரைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டார்.

“ஏட்டி, சத்தையெல்லாம் சாக்கடையில கொட்டிட்டு என் தம்பிக்குச் சக்கையையா போடுத?”

“டாக்டர் சொல்லியிருக்காவ, மதினி.”

“அவிய ஆயிரம் சொல்லுவாவ. எலும்பும் தோலுமா கெடக்கானே, ஒனக்குக் கண்ணு தெரியலையா?”

நான் மாத்திரை வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் சாறு பிழிந்து ஒரு செம்பு நிறையக் கொடுத்துவிட்டார். அக்கா கொடுத்ததை இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கால் இரண்டும் துவண்டுவிட்டன. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சாற்றிலிருந்த பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்கள். ரத்தத்தைச் சுத்திகரித்துப் பிழைக்க வைத்தார்கள்.

செய்தி கேட்டு மதினி பதறி வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில், கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று கத்தினேன்.

“ஒங்க தம்பிய நீங்களே கொன்னுருப்பிய! இனிமே வந்தா கைய வீசிட்டு வாங்க. ஒரு துரும்பு கொண்டு வரப்படாது!”

மதினி அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே, “அப்பம் நான் அவனுக்கு என்னத்தத்தான் குடுக்க?” என்று கேட்டார்.

இப்போது இவர் எழுந்து நடமாடுகிறார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர் என்னைப் பாராட்டினார். நான் கத்தியது சரிதான், இன்னொரு முறை நடந்தாலும் கத்துவேன். ஆனால் மதினி வருவதில்லை. போன் செய்தால், “வெறுங்கையோட எப்படிட்டி வர?” என்று வைத்துவிடுகிறார். அம்பாசமுத்திரம் பஸ் வந்து சேரும் நேரத்துக்கு இவர் நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்கிறார். நான் பார்த்துப் பார்த்துச் சமைத்தது தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது.