வாட்ச் கத்திய காலை

மருதமலைக் கோயில் ரோட்டில் ஓடி ஏறும்போதெல்லாம் இரண்டாவது வளைவிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவேன்.

"வேகத்த உடுங்க. நெஞ்சு படபடக்காம மெதுவா ஓடிப் பழகுங்க, தம்மு தானா கூடும்" என்று என் மனைவி என் கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டாள். இதயத் துடிப்பு அளவு தாண்டினால் அது கத்தும். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் அது கத்தாதபடி ஓடினால், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள்கூட என்னை முந்திப் போனார்கள். மானமே போனது. ஆனாலும் மாதக்கணக்கில் அப்படியே ஓடினேன்.

போன ஞாயிறு காலை இருவரும் மறுபடி மருதமலைக்குப் போனோம். நான் வேலை பார்க்கும் மில்லில் நடந்த சண்டையை அவளிடம் சொல்லிக்கொண்டே ஓடினேன். சொல்லி முடித்து நிமிர்ந்தால், எதிரே கோயில்!

"ஏறிப்போட்டோம் அம்மணி!" என்று குதித்தேன்.

"ஏனுங்க, குதிக்காதீங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று சிரித்தாள்.

மலையேறும்வரை வாய் திறக்காத வாட்ச் அப்போதுதான் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.