குளியலறைக் கம்பி எந்தப் பக்கம் வளையும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் குழாய் வளைக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டிசைன் பார்க்கிறேன். டிசைன் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், அளவெடுக்க ஒரு வெர்னியர், முதுகுக்குப் பின்னால் ஓயாமல் அலறும் கம்ப்ரஸர், அவ்வளவுதான். பள்ளிக்கூட மேசைக்குக் கால், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் சட்டம் என்று வளைத்துக்கொண்டிருந்த எங்களுக்குப் போன வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு வேலை வந்தது. குளியலறையில் திரை தொங்கவிடும் கம்பி. நேராக இருக்கக் கூடாது, வில் மாதிரி வளைந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு சுவரின் அகலம் மாறும் என்பதால் இழுத்தால் நீள வேண்டும், தள்ளினால் குறுக வேண்டும்.

நேர்க்கம்பி என்றால் குடைக்காம்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிவிடலாம். வளைந்ததில் அந்தப் பருப்பு வேகாது. இரண்டு குழாயும் ஒரே வட்டத்தின் துண்டுகளாக இருந்தால்தான் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். குழாயோ, வளைத்து விட்டவுடன் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். வெளிக்குழாய் ஓர் அளவு நிமிரும், மெலிந்த உள்குழாய் வேறோர் அளவு நிமிரும். கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடியது கையில் எடுத்தால் பாதி வழியில் சிக்கி நின்றது. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினோம். நானும், வளைக்கும் மெஷின் ஓட்டும் அண்ணனும்.

கடைசியில் அவர்தான் சலித்துப்போய்ச் சொன்னார். “கம்ப்யூட்டர் சொல்றத கேட்டுகினு இருந்தா தீபாவளி வந்துடும்மா. உள்குழாய இன்னும் ரெண்டு மயிரிழை ஜாஸ்தி வளைச்சு உடலாம்.”

“ரெண்டு மயிரிழைன்னா எத்தினி மில்லிமீட்டருண்ணா?”

“நான் வளைக்கறேன். நீ அளந்து எழுதிக்கோ.”

வளைத்தார், அளந்தேன், ஓடியது. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்தது, கம்பியின் இரண்டு முனைகளையும் சுவரில் தாங்கும் பிராக்கெட். கம்பி வளைந்திருப்பதால் அது சுவரைக் கொஞ்சம் சாய்வாகத்தான் தொடும். எனவே பிராக்கெட்டும் சாய்வாக இருக்க வேண்டும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அப்போதுதான் கேள்வி எழுந்தது. கம்பி எந்தப் பக்கம் வளைகிறது? குளிப்பவர் பக்கமா, வெளிப்பக்கமா? வந்த வரைபடத்தில் வில் இருந்தது, அளவு இருந்தது. குளிக்கிற ஆள் எங்கே நிற்பார் என்று இல்லை.

எங்கள் கம்பெனியில் இருக்கும் யாரும் திரைக்குப் பின்னால் நின்று குளித்ததில்லை. பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள். ஊற்றுகிற தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்கும், ஆகவே அதை உள்ளேயே அடக்குவதுதான் திரையின் வேலை என்று ஒரு நிமிடத்தில் முடிவு செய்தோம். உட்பக்கம் வளைந்தால் தண்ணீர் உள்ளேயே வடியும் என்றார் அண்ணன். வெளியே நடக்க இடமும் மிச்சம் என்றேன் நான். முதலாளி தலையாட்டினார். செல்போனில் தேடியிருந்தால் படம் கிடைத்திருக்கும். தெரியாததைத்தான் தேடுவோம், தெரியும் என்று நினைத்துவிட்டதை யார் தேடுகிறார்கள்? உட்பக்கம் என்றே வைத்து, பிராக்கெட்டுகளில் இடது வலது எழுத்துகளைப் பதித்து, மாட்டும் முறைக்கு ஒரு தாளும் வரைந்து முடித்தேன். திங்கட்கிழமை மாதிரிகள் கூரியரில் போக வேண்டும்.

இத்தனைக்கும் அந்த நாட்களில் என் மனம் கம்பியில் இல்லை, வீட்டில் இருந்தது. அப்பா புதுவாயல் கூட்டு ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறுக்கே வந்த நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர், அப்புறம் இரும்பு உருக்கும் ஆலையில் இருபது வருடம் நின்றவர். யார் கையையும் எதிர்பார்த்துப் பழக்கமில்லை. அம்மா இல்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எங்கள் குளியலறைக்கு மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் முழுக்க ஒரு தகரக் கதவு. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடக்க முடியாத காலை நீட்டி உட்கார்ந்தால் பாதம் வாசலுக்கு வெளியே வந்துவிடும். கதவை மூட முடியாது. கதவு மூடாமல் மகள் முன்னால் அவர் குளிக்க மாட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகன் வந்து குளிப்பாட்டினான். பிறகு அவனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. அதற்கடுத்து ஒருநாள் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மாவுக்கட்டின்மேல் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு தானே குளிக்கப் போய் வழுக்கி விழுந்திருக்கிறார். நான் வரும்வரை ஈரத் தரையில் கிடந்தார். எட்டடி தள்ளிப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. உடம்பில் துணி இல்லாததால் கூப்பிடவில்லை.

அதற்குமேல் அவரைத் தனியே விட எனக்குத் தைரியமில்லை. நான் நின்றால் அவர் குளிக்க மாட்டார்.

“பொண்ணு முன்னாடி அவுத்துப் போட்டுகினு உக்காரச் சொல்றியா? ஒண்ணும் வாணாம். இப்டியே இருந்துட்டுப் போறேன்.”

ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டே இரண்டு வாரம் ஓட்டினார். வைகாசி வெயில். ஒருநாள் வேலையிலிருந்து வந்த எரிச்சலில், “ஊட்டுக்குள்ள வர முடியல நைனா, நாத்தம் தாங்கல” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால் கட்டிலைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டுப் படுத்திருந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படித்தான் இழுத்தாரோ. என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமை, மெருகில் கீறல் விழுந்து ஒதுக்கிய ஒரு கம்பி மூலையில் கிடப்பதைப் பார்த்தபோதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஒரு மாதமாகத் திரைக்கம்பி செய்கிறேன், என் வீட்டில் தேவைப்படுவது ஒரு திரை. முதலாளியிடம் கேட்டேன், கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். சோதனைக்கு வைத்திருந்த வெள்ளைத் திரையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வளைந்த துண்டுகளோடு புதுவாயலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கம்பி இடித்த விலாவைத் தடவிக்கொண்டே கேட்டாள். “இன்னாம்மா, வில்ல எட்துகினு வர்ற, அம்பு எங்க?” ஆட்டோ முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரக் கதவைக் கழற்றினேன். எலக்ட்ரீஷியனிடம் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி, இரண்டு பக்கச் சுவரிலும் துளை போட்டு, நான் வரைந்த தாளில் உள்ளபடியே, உட்பக்கம் வளைந்தாற்போல மாட்டினேன். நல்லவேளை, எங்கள் அறையின் அகலத்துக்குக் கம்பி குறுகிக் கொடுத்தது. “நைனா, நான் வெளிய நிப்பேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ உளுந்தா மட்டும் கை குடுப்பேன்” என்றேன். வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு, “இஸ்து மூடு பாக்கலாம்” என்று தாங்குகட்டையை ஊன்றி எழுந்தார்.

இரண்டு மக் ஊற்றும் சத்தம் கேட்டது. உடனே ஒரு கூச்சல். திரையைத் தள்ளிக்கொண்டு மக் வெளியே பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

“இன்னா பேஜாருடா இது! மூஞ்சிமேல ஒட்டுது, முட்டிமேல ஒட்டுது. பொணத்த சுத்தற மாதிரி சுத்துது. எனக்குக் குளியலும் வாணாம் ஒரு மண்ணும் வாணாம்!”

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விடிந்ததிலிருந்து சிமெண்டுத் தூளைத் தின்றுகொண்டு மாட்டியது அது. வேட்டியைச் சுற்றிக்கொண்டு அவர் கட்டிலுக்குத் திரும்பியதும், அப்படி என்னதான் கேடு என்று நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு காலை அவர் மாதிரியே விறைப்பாக நீட்டினேன். திரையை மூடி, தலையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். நனைந்த திரை வந்து முகத்தில் அப்பியது. சோப்பு போடுவதுபோல முழங்கையைத் தூக்கினேன், இடித்தது. கம்பியின் வயிறு சரியாக என் நெஞ்சுக்கு மேலே வந்து நின்றது.

இதற்காகவா உலகத்தில் ஒருவன் கம்பியை வளைப்பான்? குளிக்கிறவனுக்குக் கை கால் வீச இடம் கொடுக்கத்தான் வளைத்திருக்கிறார்கள். நாங்கள் தண்ணீரை நினைத்தோம், ஆளை நினைக்கவில்லை.

ஈரத்தோடு எழுந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். இடது பிராக்கெட்டைக் கழற்றி வலதில் போட்டேன், வலதை இடதில். அவ்வளவுதான் வேலை. பத்தே நிமிடத்தில் கம்பி வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டது. திரையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நீட்டின கால் கட்டைவிரல் வரைக்கும் உள்ளே அடங்கியது.

சொட்டச் சொட்ட முதலாளிக்கு போன் போட்டேன். “சார், நாளைக்கு மாதிரி அனுப்பாதீங்க. கம்பி உள்பக்கம் இல்ல, வெளிப்பக்கம்.”

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. “யார் சொன்னா?”

“நான்தான் சார். குளிச்சுப் பாத்துட்டேன்.”

தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “எழுத்தை மட்டும் மாத்திப் பதிச்சா போதுமா?” என்றார். போதும் சார், தாளையும் மாற்றி வரைந்துவிடுகிறேன் என்றேன். “நல்லவேளை, மானம் போகாம தப்பிச்சோம்” என்று வைத்துவிட்டார்.

நைனாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடாகிவிட்டது. “இன்னொரு வாட்டி மூஞ்சியில ஒட்டுச்சு, கம்பியப் புடுங்கிக் குப்பையில போட்ருவேன்” என்றார். போட்டுக்கொள் என்றேன். நாற்காலியில் உட்கார வைத்து, பாலித்தீன் பையை இறுக்கிக் கட்டி, பக்கெட்டைக் கைக்கு எட்ட வைத்து வெளியே வந்தேன். உள்ளேயிருந்து அவரே திரையை இழுத்தார். வளையங்கள் ஓடும் சத்தம் கேட்டது.

“தள்ளிப் போ.”

“போயிட்டேன் நைனா.”

போகவில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில், துவைக்கிற கல்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் விழுந்தது. திரை அசையவில்லை. நாலைந்து மக் ஊற்றியபின் சத்தம் நின்றது.

“கீறியா?”

“கீறேன்.”

மறுபடி தண்ணீர். சோப்பு வாசனை வந்தது. ஊற்றும் சத்தம் நிற்கும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். என்னைப் போகச் சொன்னவருக்கு நான் இருப்பது வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பின்னால் வளையங்கள் அசைந்தன. திரும்பிப் பார்த்தேன். திரையை ஒரு சாண் அளவுக்கு அவரே விலக்கியிருந்தார். இடுப்பில் துண்டு, நீட்டிய காலை அப்படியே விட்டு, உடம்பை மட்டும் திருப்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“முதுவு எட்டல. தேச்சு உடு.”

தேய்த்தேன். மூன்று வாரத்து அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்தது. ஒரு மக் ஊற்றிக் கழுவிவிட்டு மறுபடி தேய்த்தேன். அவர் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்.

“போதும்” என்றார். கையை நீட்டித் திரையைத் தானே இழுத்து மூடிக்கொண்டார்.