சிவப்பு நைட்டியில் கிறிஸ்துமஸ் தாத்தா

ஒவ்வொரு டிசம்பரிலும் சொந்தக்காரர்களுக்கு நாங்களே ஒரு வேடிக்கையான கிறிஸ்துமஸ் அட்டை செய்து அனுப்புவோம். என் கணவர் என்னுடைய சிவப்பு நைட்டியை மாட்டிக்கொண்டு, பஞ்சுத் தாடியோடு மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு படகில் ஏறி நிற்பார். நானும் மகளும் தலையில் காய்ந்த குச்சிகளைக் கட்டிக்கொண்டு, மான்களாகப் படகை இழுப்போம். அங்கே மீன் விற்கும் அம்மாதான் படம் எடுத்துத் தருவார்.

போன ஆகஸ்டில் என் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். செங்கல்பட்டு கல்லறையில்கூட நான் அழவில்லை. மகளுக்காகத் திடமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

டிசம்பரில் மகள்தான், "அப்பா இருந்தா அட்டைய நிறுத்த உடமாட்டாரும்மா" என்று என்னைக் கிளப்பினாள். நைட்டியையும் தாடியையும் அவளே போட்டுக்கொண்டாள்.

"அண்ணாத்த வரலியா?" என்று கேட்டார் மீன்கார அம்மா.

மகள் விஷயத்தைச் சொன்னாள். நான் படகருகே சிரித்தபடியே நின்றேன். அந்த அம்மா செல்போனைத் தாழ்த்தினார்.

"இன்னாத்துக்கும்மா சிரிச்சிகினு கீற? அழுதுடு. போட்டோ அப்பால எடுக்கலாம்."

படகைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மீன் வாங்க வந்தவர்களைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு, அந்த அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார்.

அந்த அட்டையில் எங்கள் இருவர் கண்ணும் வீங்கியிருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீ அழவே இல்லியேம்மா, அதான் நானும் பாத்ரூம்லயே அழுதுட்டு வருவேன்" என்றாள்.

ஒரே வீட்டில் இத்தனை மாதங்கள் அவளைத் தனியாக அழவிட்டிருக்கிறேன். அதை நான் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.