ராகு காலத்தில் விழுந்த முதல் சட்டி

நான் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறவன். டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது டேப்லெட்டைத் தடவிக்கொண்டு நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் சைட் இன்ஜினியர் சரிதாவை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை.

சரிதா மோகனூர்க்காரி. அம்மா அத்தாயி சித்தாளாக ஜல்லி சுமந்து அவளை டிப்ளமோ சிவில் படிக்க வைத்தவர். ஒருநாள் சன்ஷேடு மேல் நின்று செங்கல் வாங்கியபோது, அது ஒடிந்து அவரோடு கீழே வந்தது. கான்கிரீட்டுக்குள் மேலே இருக்க வேண்டிய கம்பி, போடும்போதே மிதிபட்டு அடிக்குப் போயிருந்தது. அத்தாயியின் உடம்புக் கனம்தான் காரணம் என்று கூசாமல் சொன்னார்கள். இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை, நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். மாடியில் தூண் இல்லாமல் வெளியே நீளும் தாழ்வாரத்துக்குக் கான்கிரீட். பூசை முடிந்து முதலாளி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். கீழே ஆட்களுக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் முதல் சட்டி கான்கிரீட் விழ வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

சரிதா டேப்லெட்டில் ஒவ்வொரு கேள்வியாகப் படம் எடுத்து டிக் அடித்துக்கொண்டே வந்தாள். பதினாலாவது கேள்வி: மேல் கம்பி மேலே இருக்கிறதா? பூசைக்கு ஏறிய கூட்டம் மிதித்ததில் கம்பி பலகையோடு படுத்துக் கிடந்தது. 'இல்லை' என்று அழுத்தினாள்.

கான்ட்ராக்டர் கருப்பண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆமான்னு அமுத்தி உடு அம்மிணி. கொட்டறப்ப ஆளுக தூக்கி உட்டுக்குவாங்க."

"எங்கம்மா உழுந்த சன்ஷேடுக்கும் அப்படித்தானுங்க சொன்னாங்க."

"அப்ப நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"நாளைக்குத்தானுங்க. இன்னைக்கு செக் பண்றது நான்தான்."

பம்பு குழாயின் வாய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"கலவை இறுகிப் போயிருமுங்க," என்று நானும் கீழிருந்து கத்தினேன்.

"போனா வேற கலக்கிக் கொண்டாங்கண்ணா. இதுக்கு மேல நிக்கப்போறது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க."

என் மகளும் பள்ளிக்கூடம் போகிறவள்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

கம்பி கட்டும் சின்னண்ணன் கொறடும் கையுமாக வந்தார். துண்டுக் கம்பிகளை வளைத்து அடியில் முட்டுக் கொடுத்து, படுத்திருந்ததை எல்லாம் தூக்கி நிறுத்தினார். சரிதா டேப்பு வைத்து அளந்து, படம் எடுத்து, 'ஆம்' என்று அழுத்தினாள். என் கலவை தப்பியது. பத்து ஐம்பதுக்கு முதல் சட்டி விழுந்தது.

அவள் இறங்கி என் லாரி அருகே வந்ததும், கருப்பண்ணன் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நேரத்தையாச்சும் பத்து இருபதுன்னு போட்டு உடு. முதலாளி பாத்தா என்னத் தொலைச்சுப் போடுவாரு. நாளைக்கும் நீயே வா."

சரிதா சிரித்தாள். குறிப்பு எழுதும் கட்டத்தைத் திறந்து, அவர் பார்க்கப் பார்க்க எழுதினாள்:

'ராகு காலத்தில் போட்டது. மேல் கம்பி மேலே இருக்கிறது.'

அவர் கை நீட்டுவதற்குள் முதலாளிக்கு அனுப்பிவிட்டாள்.